பேட்டரி மாற்றுவது எப்படி?

வலைப்பூவுக்கு வாசகர்களைச் சேர்ப்பது எப்படி என்று சனிக்கிழமைதோறும் ஓசூரில் ஒரு மாடி அறையில் வகுப்பு எடுக்கிறேன். எட்டுப் பேர் வருவார்கள். மழை பெய்தால் மூன்று பேர். தரமான உள்ளடக்கம்தான் முக்கியம் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். எல்லோரும் எழுதிக்கொள்வார்கள். இதை நீங்கள் எங்கே கற்றீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டி வரும். அவரைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டி வரும். கேட்காதவரை எனக்கு நிம்மதி.

அப்போது நான் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் ஸ்டோர்ஸில் இருந்தேன். ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து பேரிங், பெல்ட், ஃபியூஸ் எடுத்துக் கொடுக்கும் வேலை. அவர் மெயின்டனன்ஸ். மெஷின் நின்றால் அவரைக் கூப்பிடுவார்கள். ஊத்தங்கரைப் பக்கத்துக்காரர், ஐ.டி.ஐ. படித்தவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பேர் வேண்டாம். அவருக்குப் பிடிக்காது.

மற்ற மெயின்டனன்ஸ் ஆட்கள் ஜன்னலுக்கு வந்து, "ஃபியூஸ் போயிடுச்சு, ஒண்ணு குடு" என்பார்கள். அவர் அப்படிக் கேட்டதே இல்லை. "ஃபியூஸ் போயிருக்கும்னு நெனைக்கறன். போவலன்னா திருப்பிக் கொண்டாந்து குடுத்துடறன்" என்பார். பாதி நாள் திருப்பிக் கொண்டுவந்தும் கொடுப்பார். திரும்பி வந்த பொருளைக் கணினியில் ஏற்றுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. அதற்கு முன்னால் யாரும் எதையும் திருப்பித் தந்ததில்லை.

தான் பார்க்காததைச் சொல்ல மாட்டார். இதை ஒரு நல்ல குணம் என்று நினைப்பவர்கள் அவரோடு ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். தர்மபுரி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால், "நேத்து ஆறேகாலுக்கு வந்துச்சு" என்பார். இன்றைக்கு? "இன்னிக்கு இன்னும் வரலியே." பக்கத்து மெஸ்ஸில் சாப்பாடு எப்படி என்று கேட்டால், "நான் தின்ன அன்னிக்கு நல்லா இருந்துச்சு." அவரிடம் வழி கேட்டவர்கள் வேறு ஒருவரிடம் மறுபடியும் வழி கேட்டுக்கொண்டுதான் போவார்கள்.

ஒருமுறை சாமல்பட்டியிலிருந்து அவர் மனைவி வழிச் சொந்தக்காரர் ஒருவர் மாப்பிள்ளை விசாரிக்க வந்தார். பையன் எங்கள் கம்பெனியில் லேத் ஓட்டுபவன். நான் பக்கத்தில் இருந்தேன்.

"பையன் எப்பிடிங்க?"

"லேத் நல்லா ஓட்டுவான்."

"கொணம்?"

"அத நான் பாக்கல."

வந்தவர் முகம் மாறிவிட்டது. இதில் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டி, மூன்று மாதம் ஓசூரையே சல்லடை போட்டுச் சலித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. பையன் தங்கமானவன் என்று ஊர் முழுக்கத் தெரிந்த பிறகுதான் கல்யாணம் நடந்தது. அந்தப் பையன் இன்றுவரை அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இவருக்கு அதில் வருத்தம் ஏதுமில்லை. "இப்ப அவங்களுக்கே தெரிஞ்சி போச்சில்ல. நான் சொல்லியிருந்தா என்னத்த தெரிஞ்சிருக்கும்?" என்றார்.

இப்படிப்பட்டவர் ஒரு வலைப்பூ வைத்திருந்தார். அதன் பெயர் அலாரம். அவர் அதைப் 'பக்கம்' என்றுதான் சொல்வார்.

விஷயம் என்னவென்றால், கம்ப்யூட்டர் வைத்த மெஷின்கள் ஏதாவது கோளாறு வந்தால் திரையில் ஒரு எண்ணையும் ஆங்கிலத்தில் ஒரு வரியையும் காட்டிவிட்டு நின்றுவிடும். அதற்குப் பெயர் அலாரம். மெஷின் ஓட்டுகிறவருக்கு அந்த ஆங்கிலம் புரியாது. புரிந்தாலும் பிரயோஜனம் இருக்காது. அதனால் சின்னப் பட்டறைகளிலிருந்தெல்லாம் இவரைப் போனில் கூப்பிடுவார்கள். தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லி அலுத்துப்போய், எழுதிவைக்க ஆரம்பித்தார்.

ஒரு பதிவு எனக்கு மனப்பாடமாகவே இருக்கிறது. "பேடரப்பள்ளியில் ஒரு பட்டறை. செவ்வாய்க்கிழமை. கூட இருந்தவர் ஆபரேட்டர் மஞ்சுநாத். கூலண்ட் தண்ணீர் இல்லை என்று அலாரம். தொட்டி காலி என்று நினைத்தேன். காலி இல்லை. மோட்டார் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. பிறகு சாப்பிடப் போனேன். திரும்பி வந்து தொட்டிக்குள் கை விட்டேன். மிதவையில் ஒரு பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தது. எடுத்தேன். அலாரம் போய்விட்டது. பை மஞ்சுநாத்துடையது இல்லை என்று அவர் சொன்னார்."

எல்லாப் பதிவும் இப்படித்தான். எந்த ஊர், என்ன கிழமை, கூட யார், முதலில் எங்கே தப்புச் செய்தார், பிறகு எப்படிச் சரியானது. தான் முட்டாளான இடத்தைத்தான் அதிகமாக விவரிப்பார். மாதத்துக்கு ஒன்று எழுதுவார். சில மாதம் அதுவும் இல்லை. ஏன் எழுதவில்லை என்றால், "மெஷினு ஒண்ணும் புதுசா நிக்கலப்பா" என்பார்.

நான் அந்தச் சமயத்தில் பெங்களூருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய் இணைய விளம்பரம் பற்றி ஒரு படிப்பு படித்திருந்தேன். சான்றிதழ் கொடுத்தார்கள். அதை ஸ்டோர்ஸில் மாட்டியிருந்தேன். எனக்கும் ஒரு வலைப்பூ இருந்தது. ஓசூரைச் சுற்றிப் பார்க்க வேண்டிய பத்து இடங்கள், முடி உதிர்வதைத் தடுக்க ஏழு வழிகள் என்று தினம் ஒன்று போடுவேன். பத்து இடங்களில் நான் பார்த்தது இரண்டு. முடி எனக்கு அப்போதே கொட்ட ஆரம்பித்திருந்தது.

அவர் என் பத்து இடங்களைப் போனில் பொறுமையாகக் கடைசிவரை படித்தார். நாட்றாம்பாளையம் பக்கம் ஒரு அருவி என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க போயி பாத்தியா?"

"இல்லண்ணா. நெட்டுல இருந்துச்சு."

"அந்தப் பக்கம் எனக்குச் சொந்தக்காரங்க இருக்கறாங்க. அருவின்னு யாரும் சொல்லலியே."

"போட்டோ இருக்குதுண்ணா."

"போட்டோல பின்னாடி தென்னமரமா இருக்குது. அங்க ஏதுப்பா இத்தன தென்னமரம்?"

அவ்வளவுதான். திட்டவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு பெல்ட் வாங்கிக்கொண்டு போனார். ஒன்றைச் சாயங்காலம் திருப்பித் தந்தார்.

ஆனால் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. என் வலைப்பூவுக்கு வருகிறவர்கள் வந்த வேகத்தில் ஓடிவிடுவார்கள். அவருடையதற்கு வருகிறவர்கள் குறைவு. ஆனால் வந்தவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு பதிவைப் பத்து நிமிடம் படிப்பார்கள். மறுவாரம் திரும்பவும் வருவார்கள். மெஷின் முன்னால் எண்ணெய்க் கையோடு நின்று, ஒவ்வொரு வரியாகப் படித்து, படித்ததைச் செய்துபார்க்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, "உங்க மஞ்சுநாத் நல்லா இருக்காருங்களா?" என்று விசாரித்தார். என் அருவியை யாரும் விசாரிக்கவில்லை.

இவ்வளவு நல்ல சரக்கை வைத்துக்கொண்டு இந்த மனிதர் இப்படி வீணடிக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடாமல் நச்சரித்து அலாரத்தைக் கொஞ்சம் என் கைக்குக் கொண்டுவந்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். தேடினால் கிடைக்கும்படி செய்தேன். இதெல்லாம் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. கடவுச்சொல்லை ஒரு ஃபியூஸ் அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்தார். "வாரத்துக்கு ரெண்டாவது போடணும்ணா, இல்லன்னா ஜனங்க மறந்துடுவாங்க" என்று சொன்னபோது மட்டும் சிரித்தார். "மெஷினு நின்னா ஞாபகம் வந்துடும்" என்றார்.

மாரியம்மன் பண்டிகைக்கு அவர் பத்து நாள் லீவு போட்டு ஊருக்குப் போனார். அந்தப் பத்து நாளில் அலாரத்தில் நான் மூன்று பதிவுகள் போட்டேன். பெரிய கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்று காட்டி அவரை அசத்த வேண்டும், அவ்வளவுதான். முதல் இரண்டும் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை என்று யாருக்கும் கெடுதல் இல்லாத பொதுவான பேச்சு. மூன்றாவது, பேட்டரி மாற்றுவது எப்படி என்பது. நிறையப் பேர் அதைத் தேடுகிறார்கள் என்று பார்த்து வைத்திருந்தேன்.

சில மெஷின்களுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய செல் நான்கு இருக்கும். அது தீரப்போகிறது என்றால் மெஷின் அலாரம் காட்டும். நான் எழுதியது ஐந்து வரி. முதல் வரி, மெயின் சுவிட்சை அணைக்கவும். கரண்ட் சம்பந்தப்பட்ட எந்த வேலைக்கும் அதுதானே முதல் வரி? வீட்டில் பல்பு மாற்றினாலும் அதுதானே? யோசிக்கக்கூட இல்லை.

யோசித்திருந்தாலும் தெரிந்திருக்காது. மெஷின் அணைந்து கிடக்கும்போது, தன் பாகங்கள் எந்த இடத்தில் நிற்கின்றன என்பதை அந்த நான்கு செல்லை வைத்துத்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அதனால் அந்த ஒரு வேலையை மட்டும் மெஷினில் கரண்ட் இருக்கும்போதே செய்ய வேண்டும். அணைத்துவிட்டுச் செல்லைக் கழற்றினால் மெஷினுக்கு எல்லாம் மறந்துபோகும். மெயின்டனன்ஸில் ஒரு வருஷம் இருந்த யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. அந்தப் பதிவை ஒரே வாரத்தில் அலாரத்தின் வேறு எந்தப் பதிவையும்விட அதிகம் பேர் படித்தார்கள். அந்த எண்ணிக்கையைத் திரையோடு படம் பிடித்துக்கூட வைத்தேன்.

அவர் லீவு முடிந்து வந்த அன்று மத்தியானம் கேன்டீனில் அவருக்கு ஒரு போன் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்து ஆள், அகரம் போகும் ரோட்டில் ஒரு பட்டறையில் ஆபரேட்டர். பதிவைப் படித்து, மெஷினை அணைத்து, பழைய செல்லைக் கழற்றி வைத்துவிட்டு, புதுச் செல் வாங்க ஓசூர் டவுனுக்குப் போயிருக்கிறார். வந்து போட்டால் மெஷினுக்குத் தன் இடமே தெரியவில்லை. பெங்களூரிலிருந்து இன்ஜினியர் வந்து சரிசெய்ய ஐந்து நாள் ஆனது. அதற்குள் முதலாளி கையிலிருந்த ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விட்டது. ஆபரேட்டரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு பெண் பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். அவர் சண்டை போடக் கூப்பிடவில்லை. தான் எங்கே தப்புப் பண்ணிவிட்டோம் என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தார்.

இவர் போனை வைத்துவிட்டு அலாரத்தைத் திறந்து பதிவைப் படித்தார். ஐந்து வரிதான். ரொம்ப நேரம் படித்தார்.

"இத செஞ்சி பாத்தியா?" என்றார்.

நான் குனிந்துகொண்டேன். தட்டில் சோறு அப்படியே இருந்தது. "தின்னுட்டு வா, போலாம்" என்றார்.

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவர் பைக்கிலேயே போனோம். பட்டறை முதலாளி தெலுங்குக்காரர், நல்ல தாட்டியானவர். யாரோடோ போனில் கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தார். கத்தி முடித்துவிட்டு எங்களைப் பார்த்தார். இவர் போனில் வரச் சொல்லியிருந்த அந்தத் திருநெல்வேலிக்காரரும் வந்து வாசலில் நின்றார். முதலாளி இருக்கும் அறைக்குள் அவர் வரவில்லை.

"அந்த பேட்டரி சமாச்சாரத்த எழுதுனது நான்ங்க" என்றார் இவர்.

பஸ் வருமா என்றால்கூட உறுதி சொல்லாத மனிதர். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அதுதான். முதலாளி என்னைப் பார்த்து, "இவரு யாரு?" என்றார். "எங்க ஸ்டோர்ஸு" என்றார் இவர். நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கு அந்தப் பட்டறையில் நான் செய்த வேலை அது ஒன்றுதான்.

"எழுதிட்டீங்க. இப்ப என்ன? போன ஆர்டரு திரும்பி வந்துடுமா?"

"வராதுங்க. தப்பு அவரு மேல இல்ல. என்ன நம்பி செஞ்சாரு. அவர வேலைக்கு எடுத்துக்குங்க. ஒங்க ஆறு மெஷினையும் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து நான் பாத்துக் குடுத்துடறன்."

"எத்தன வாரம்?"

"மெஷினப் பாக்காம எப்பிடிங்க சொல்றது?"

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதையும் சட்டென்று ஒத்துக்கொள்ளாத ஆளைக் கண்டால் சில முதலாளிகளுக்கு நம்பிக்கை வரும். திங்கட்கிழமை வரச் சொல்லு என்றார்.

திரும்பி வரும்போது பைக்கின் பின்னால் உட்கார்ந்து, "ஏண்ணா அப்பிடிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். காற்றில் அவருக்குக் கேட்டதா தெரியவில்லை. பத்தலப்பள்ளி தாண்டி லாரிகளுக்கு நடுவில் மாட்டி நின்றபோது, "பக்கம் என்னுதுப்பா" என்றார். அதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. பதினோரு ஞாயிற்றுக்கிழமை போனார். முதல் ஞாயிறு நானும் வருகிறேன் என்றேன். "நீ வந்து என்னா பண்ணுவ?" என்றார். நியாயமான கேள்விதான்.

அந்தப் பதிவை அழித்துவிடலாம் என்றேன். கூடாது என்றார். எங்கள் கம்பெனியில் தப்பாகப் போன பாகத்தைத் தூக்கி எறிய மாட்டார்கள். சிவப்புப் பெயின்ட் அடித்து, என்ன தப்பு என்று ஒரு சீட்டு கட்டி, எல்லோர் கண்ணிலும் படும்படி அலமாரியில் வைப்பார்கள். அவர் என் ஐந்து வரியையும் அப்படியே விட்டு, எழுத்தைச் சிவப்பாக்கச் சொன்னார். அதற்குக் கீழே தானே எழுதினார். எந்தப் பட்டறை என்று சொல்லாமல், மெஷின் எப்படி நின்றது, ஐந்து நாளில் என்னென்ன போனது, ஒரு மனிதனின் வேலை எப்படிப் போனது, கரண்ட் இருக்கும்போதே எப்படி மாற்ற வேண்டும் என்று முழுசாக எழுதினார். கடைசியில், இதைச் செய்து பார்க்காமல் போட்டது என் தப்பு என்று ஒரு வரி. சிவப்பாக்கியது நான்தான். கடவுச்சொல் என்னிடம்தானே இருந்தது.

இனி அலாரத்தை யாரும் நம்பமாட்டார்கள், கதை முடிந்தது என்று நினைத்தேன். நான் படித்த படிப்பும் அப்படித்தான் சொன்னது. நடந்தது வேறு. அந்தச் சிவப்புப் பதிவைப் பட்டறைக்காரர்கள் வாட்ஸப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். சென்னையிலிருந்தும் புனேவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் பழைய பதிவுகளையெல்லாம் உட்கார்ந்து படித்தார்கள். மஞ்சுநாத்தின் பிளாஸ்டிக் பை பிரபலமானது. வகுப்பில் இதைத்தான் நம்பகத்தன்மை என்று சொல்லிப் படம் போட்டுக் காட்டுகிறேன். யாருடைய பக்கம், யாருடைய தப்பு என்று சொல்வதில்லை.

கடவுச்சொல்லை அவர் மாற்றவே இல்லை. மாற்றியிருந்தால் எனக்குக் கோபப்பட ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். ஜன்னலுக்கு வழக்கம்போல வந்தார், ஃபியூஸ் வாங்கினார், திருப்பித் தந்தார். புதுப் பதிவு எழுதினால் என்னிடம்தான் கொடுத்தார். அப்போதெல்லாம் அந்த மனிதரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. வெட்கம் என்று சொன்னால் அழகாக இருக்கும். வெட்கம் கொஞ்சம்தான். நீயே போய் உண்மையைச் சொல்லிவிடு என்று அவர் தினமும் காத்திருப்பதுபோல எனக்குத் தோன்றியதே, அதுதான் தாங்கவில்லை. அவர் எதற்கும் காத்திருக்கவில்லை என்பது இப்போது தெரிகிறது.

பிறகு கம்பெனி அவரைக் குஜராத்தில் புதிதாகத் திறந்த ஆலைக்கு அனுப்பிவிட்டது. நானும் வேலையை விட்டுவிட்டு இந்த மாடிக்கு வந்துவிட்டேன். அலாரம் இப்போதும் வருகிறது, இரண்டு மாதத்துக்கு ஒன்று. கூட இருந்தவர் பெயர் மட்டும் படேல் என்று மாறியிருக்கிறது.

போன ஆடியில் ஒருநாள் அகரம் ரோட்டில் அந்தப் பட்டறைக்குப் போனேன். திருநெல்வேலிக்காரர் இப்போது அங்கே சூப்பர்வைசர். மூத்த பெண் நர்சிங் படிக்கிறாள் என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். டீ ஆறும்வரை வேறு எதையெதையோ பேசிவிட்டுச் சொன்னேன்.

"அந்த பேட்டரி பதிவ எழுதுனது அவரில்லண்ணா. நான்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரியும் தம்பி. படிக்கும்போதே தெரியும். அவரு எழுதுனார்னா எந்த ஊரு, யாரு கூட நின்னாவ, எங்க தப்பாச்சுன்னு எல்லாம் இருக்கும்லா. அதுல ஒண்ணையும் காணும். வேற யாரோ எழுதியிருக்காவன்னு அன்னைக்கே நெனச்சேன்."

"தெரிஞ்சும் ஏண்ணா செஞ்சீங்க?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அவரு பக்கத்துல போட்டுருந்துச்சே தம்பி" என்றார்.